‘குடுத்துட்டுப் போங்க, நாங்க பாத்துக்கிறோம்’

இந்த வாக்கியத்தைக் கேட்காமல் கலைக்குள் வந்த பெண் அபூர்வம். கையெழுத்துப் படியைப் பதிப்பகத்தில் வைக்கும்போது கேட்டிருப்போம். கல்லூரி ஆண்டுவிழா மேடையில் மைக்கின் உயரத்தை நாமே சரிசெய்யப் போனபோது கேட்டிருப்போம். ஒலிப்பதிவுக் கூடத்தில் கிட்டாரை வாசித்து முடித்து, அடுத்து என்ன என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்க்கும்போது நிச்சயம் கேட்டிருப்போம். மரியாதையான வாக்கியம்தான். ‘ங்க’ இருக்கிறது, உதவிக்கு வரும் தொனியும் இருக்கிறது. நம் உழைப்பின் பாதியை நம்மிடமிருந்து பிரித்தெடுத்துக்கொண்டு போகும் வாக்கியமும் அதுவே.

அந்தப் பறிபோகும் பாதியைப் பற்றித்தான் எழுதுகிறேன். எலக்ட்ரிக் கிட்டாரை டிஜிட்டல் மாடலர் வழியாகக் கணினியில் பதிவுசெய்வது, பதிவுசெய்ததை மறுபடி ஆம்ப் வழியே செலுத்தி ஒலியை மாற்றுவது. இரண்டாவதற்கு ‘ரீஆம்பிங்’ என்று பெயர். தமிழ் இலக்கியம் படித்தவள், கவிதை எழுதுகிறவள், பெண்ணியத் தொகுப்பில் இதை ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். அதிகாரம் எங்கே, எப்படிக் கைமாறுகிறது என்று பார்ப்பதுதானே நம் வேலை. இங்கே அது கால் அங்குல முனை கொண்ட ஒரு கேபிளின் வழியே கைமாறுகிறது.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எலக்ட்ரிக் கிட்டாரின் கம்பிக்குக் கீழே ‘பிக்கப்’ என்ற பொருள் இருக்கிறது. காந்தத்தைச் சுற்றித் தலைமுடி அளவு மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருப்பார்கள். கம்பி அதிர்ந்தால் அதில் சிறு மின்சாரம் பிறக்கிறது. அதை அப்படியே கேட்டால் சப்பென்று, மெல்லியதாக, ஈர்க்குச்சியைத் தட்டினாற்போல் இருக்கும். அதைப் பெருக்கி, உறுமவோ உருகவோ வைப்பது ஆம்ப்பும் அதன் ஸ்பீக்கர் பெட்டியும். நாம் பாட்டில் ‘கிட்டார் ஒலி’ என்று அறிவது கையும் ஆம்ப்பும் சேர்ந்து செய்தது.

மாடலர் என்பது ஆம்ப்பின், பெட்டியின், மைக்கின், எஃபெக்ட் பெடல்களின் நடத்தையைக் கணக்காக மாற்றி வைத்திருக்கும் சிறு கணினி. 1998இல் லைன் 6 நிறுவனத்தின் ‘பாட்’ வந்தது. பிறகு ஆக்ஸ்-எஃப்எக்ஸ், கெம்பர், ஹீலிக்ஸ் என்று வரிசையாக வந்தன. யூஎஸ்பி ஒலிப்பதிவு வசதி உள்ள மாடலரைக் கேபிளால் கணினியோடு இணைத்தால் ஒரே நேரத்தில் இரண்டு தடங்களைப் பதிவுசெய்யலாம். ஒன்று, ஆம்ப் ஒலி ஏறிய ஈரத் தடம். மற்றது, எதுவும் ஏறாத உலர் தடம், அதாவது பிக்கப்பிலிருந்து வந்த அந்த ஈர்க்குச்சி ஒலி. ஹீலிக்ஸில் யூஎஸ்பி 1, 2 வழியாக முதலாவதும் 7, 8 வழியாக இரண்டாவதும் வரும். உலர் தடம் கையில் இருந்தால் நாளையோ அடுத்த ஆண்டோ அதையே மாடலருக்குத் திருப்பி அனுப்பி வேறு ஆம்ப், வேறு பெட்டி என்று மாற்றிப் பதிவுசெய்துகொள்ளலாம். மறுபடி வாசிக்க வேண்டியதில்லை. இதுதான் ரீஆம்பிங். நிஜமான ஆம்ப்புக்கு அனுப்புவதானால், கணினியிலிருந்து வரும் வலுத்த சமிக்ஞையைக் கிட்டாரிலிருந்து வருவதுபோல மெலிதாக்கித் தரும் பெட்டி ஒன்று நடுவில் வேண்டும். ஜான் குனிபெர்ட்டி என்ற ஒலிப்பொறியாளர் 1990களில் அப்படியொரு பெட்டிக்கு வைத்த ‘ரீஆம்ப்’ என்ற பெயரே பிறகு வேலைக்கும் பெயராயிற்று.

சமையல் உவமை சொன்னால் கோபிக்க வேண்டாம். உலர் தடம் என்பது ஆட்டிய மாவு. அதே மாவில் இட்லியும் ஊற்றலாம், தோசையும் வார்க்கலாம், மிஞ்சியதைத் தாளித்துப் பணியாரமும் சுடலாம். ஆனால் ஓட்டலில் யாருக்குப் பெயர் என்று பாருங்கள். பின்கட்டில் அரிசி களைந்து, உளுந்து ஊறவைத்து, மாவாட்டுகிறவள் ‘ஆள்’. கல்லில் வார்க்கிறவர் ‘மாஸ்டர்’. ஒலிப்பதிவிலும் கடைசியில் வெளிவருவதற்கு ‘மாஸ்டர்’ என்றே பெயர்.

‘பெண்களுக்கு டெக்னிக்கல் விஷயம் வராது’ என்ற பழைய பொய் இங்கேதான் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இந்தப் பொய்யைக் கிட்டாரின் சொந்த வரலாறே மறுக்கிறது. அமெரிக்காவில் கலமசூ நகரத்து கிப்சன் தொழிற்சாலையில், இரண்டாம் உலகப்போரில் ஆண்கள் படைக்குப் போய்விட்டபோது, கிட்டார்களைச் செய்தவர்கள் பெண்கள். அந்தக் காலத்துக் கிட்டார்களைச் சேகரிப்பவர்கள் இன்று பெரும் விலை கொடுத்து வாங்குகிறார்கள். போர்க்காலத்தில் வாத்தியம் செய்வதாக நிறுவனம் சொல்லிக்கொள்ளவில்லை. எனவே செய்த பெண்களைப் பற்றியும் பேச்சில்லை. அவர்களின் கதை ‘கலமசூ கேல்ஸ்’ என்ற புத்தகமாக வெளிவருவதற்குள் போர் முடிந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரத்து ஃபெண்டர் தொழிற்சாலையில் 1956இல் வேலைக்குச் சேர்ந்தார் அபிகெய்ல் இபாரா. வேலை, பிக்கப்புக்குக் கம்பி சுற்றுவது. ஒரு ஸ்ட்ராட்டோகாஸ்டர் பிக்கப்புக்கு ஏறத்தாழ 8,000 சுற்று. கம்பியை விரலால் பிடித்து வழிநடத்த வேண்டும். இழுத்தால் அறுந்துவிடும், தளர்த்தினால் ஒலி கெடும். 2013இல் ஓய்வு பெறும்வரை அவர் கை சுற்றியது. பிற்காலத்தில் அவர் சுற்றிய பிக்கப்புகளுக்குத் தனி விலை. கிட்டாரில் மின்சாரம் பிறக்கும் இடத்தையே பெண் கை செய்திருக்கிறது. அதே கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு பெண் கடைக்குப் போனால், ‘தம்பிக்கா, வீட்டுக்காரருக்கா?’ என்று கேட்கிறார்கள். எலக்ட்ரிக் கிட்டாரைக் கையிலெடுத்து, பிறகு ராக் என்று பேர்பெற்ற இசைக்குத் தடம் போட்ட சிஸ்டர் ரொசெட்டா தார்ப் 1973இல் இறந்தார். ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயர் ஏறியது 2018இல்.

பதிவுக்கலையின் தொடக்கத்திலும் ஒரு பெண் நிற்கிறார். லெஸ் பாலும் மேரி ஃபோர்டும் கணவன் மனைவி. 1951இல் ‘ஹவ் ஹை த மூன்’ பாட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பதிவுசெய்தார்கள். ஒரே மேரி ஃபோர்டின் குரல் ஒரு குழுவாக ஒலித்தது. அது பல தடப் பதிவின் மைல்கல் என்று எல்லாப் பாடங்களிலும் வரும், லெஸ் பாலின் மைல்கல்லாக. அந்த முறையின் இயல்பை யோசித்துப் பாருங்கள். அவர் அப்போது கையாண்ட நாடா முறையில் புதிய அடுக்கைச் சேர்க்கும்போது பழையது அழிந்துவிடும். பன்னிரண்டாவது அடுக்கில் ஒரு சொல் பிசகினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அழியும் நாடாவுக்கு முன்னால் பிசகாமல் நின்றது யார்? அந்தத் தொண்டையும் அந்த நிதானமும் தொழில்நுட்பத்தில் சேராதா? இயந்திரத்தைத் திருகியது கண்டுபிடிப்பு, இயந்திரம் பிழைக்கும்படி பாடியது ‘திறமை’. இந்தப் பாகுபாட்டை நாம் ஒத்துக்கொள்ளக் கூடாது.

தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அன்னன்பர்க் ஆய்வுக்குழு 2018இல் வெளியிட்ட அறிக்கையில், அமெரிக்காவில் மிகவும் கேட்கப்பட்ட பாடல்களின் தயாரிப்பாளர்களில் பெண்கள் 2 விழுக்காடு. அதே 2018இல் ஃபெண்டர் நிறுவனம் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடத்திய ஆய்வில், புதிதாகக் கிட்டார் கற்கத் தொடங்குபவர்களில் பாதிப்பேர் பெண்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாசிக்கப் பாதிப்பேர் வருகிறார்கள். ஒலியைத் தீர்மானிக்கும் நாற்காலிக்கு நூற்றில் இருவர்தான் போய்ச்சேர்கிறார்கள். நடுவில் என்ன நடக்கிறது? ‘குடுத்துட்டுப் போங்க’ நடக்கிறது.

அடுத்து, மாடலரை நம்மிடம் விற்கும்போது சொல்லும் பெரிய காரணத்துக்கு வருகிறேன். யாருக்கும் தொந்தரவில்லாமல் ஹெட்ஃபோனில் வாசிக்கலாம் என்பார்கள். 50 வாட் வால்வு ஆம்ப் தன் குணத்தைக் காட்ட வேண்டுமானால் அதைத் திருகி ஏற்ற வேண்டும், தெருவே அதிரும். மாடலர் அந்தக் குணத்தைக் காதுக்குள் மட்டும் தருகிறது. பெண்கள் விடுதியில், வாடகை வீட்டில், மாமியார் படுத்திருக்கும் அடுத்த அறையில் இருப்பவளுக்கு இது சிறிய விஷயமல்ல. எனக்கும் வாசிக்க நேரம் கிடைப்பது விடைத்தாள் திருத்தி, மறுநாள் சமையலுக்குக் காய் நறுக்கி வைத்த பிறகு, இரவு பதினொன்றுக்கு மேல். வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் எழுதுகிறவளுக்கு ஒரு தனியறை கேட்டார். எழுதுகோல் சத்தம் போடாது. கிட்டார்க்காரிக்கு அந்த அறை போதாது, சுவரும் தடித்திருக்க வேண்டும். அப்படிச் சுவர் இல்லாதவளுக்கு மாடலர் சுவராக நிற்கிறது. அதற்காக நான் அதைக் கொண்டாடுகிறேன்.

ஆனால் ‘யாருக்கும் தொந்தரவில்லாமல்’ என்ற சொல் எங்கே போய் நிற்கிறது என்றும் பார்க்க வேண்டும். பொம்பள சிரிச்சாப் போச்சு என்று பழமொழி வைத்திருக்கும் ஊர் இது. ‘அடக்கி வாசி’ என்று நம் மொழியில் ஒரு தொடர் இருக்கிறது. வாத்தியக்காரருக்குச் சொல்வது, பிறகு வாயுள்ள எல்லாப் பெண்ணுக்கும் சொல்வதாயிற்று. ஹெட்ஃபோன் அந்த அதட்டலின் புதிய வடிவமாகிவிடும் ஆபத்து உண்டு. அண்ணன்கள் மொட்டை மாடியில் ஆம்ப் வைத்து ஒத்திகை பார்ப்பார்கள். தங்கைக்கு, ‘உனக்குத்தான் அந்தச் சின்னப் பெட்டி இருக்கே.’ சத்தம் போடும் உரிமையை மறுப்பதற்கு, சத்தமில்லாமல் வாசிக்கும் வசதியைக் காரணம் காட்டுவார்கள். வசதியை வைத்துக்கொள்வோம். மொட்டை மாடியையும் கேட்போம்.

ரீஆம்பிங்கை நான் நேசிப்பது இதனால்தான். அடக்கி வாசித்ததைப் பின்னொரு நாள் அலறவிடலாம் என்பதே இதன் தொழில்நுட்பச் சாரம். நள்ளிரவில் காதுக்குள் மட்டும் கேட்ட கையசைவு, கோப்பாகக் காத்திருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு கல்லூரி அரங்கம், ஒரு கடன்வாங்கிய ஆம்ப் போதும். அதே வாசிப்பு முழுச் சத்தத்தில் எழும். நம் அம்மாக்களுக்கு இந்த வசதி இல்லை. அவர்கள் அடக்கி வாசித்தது அப்படியே அடங்கிப்போயிற்று.

இந்தத் தொழிலின் சொற்களையும் கவனியுங்கள். மாணவிகளுக்குச் சொல்லாராய்ச்சி நடத்துகிறவள் என்பதால் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கிட்டார் ஒலியை ‘க்ளீன்’, ‘டர்ட்டி’ என்று பிரிக்கிறார்கள். ஆம்ப்பின் தாங்குதிறனை மீறி அலை முகடுகள் நசுங்கும்போது வரும் கரகரப்புதான் ‘டர்ட்டி’. ஆணின் கிட்டாரில் அது வீரம். பெண் வாசித்தால், ‘உங்க வாசிப்புக்கு க்ளீன்தான் மேடம் சூட் ஆகும்’ என்கிறார்கள். சுத்தம் என்ற பாரத்தை உடம்பிலிருந்து ஒலிக்கும் ஏற்றிவிட்டார்கள். கேபிளின் முனைகளுக்கு ‘மேல்’, ‘ஃபீமேல்’. நீட்டிக்கொண்டு நுழைவது ஆண், துளையாக நின்று ஏற்பது பெண். ரிச்சி தெருவில் எந்தக் கடையில் கேட்டாலும் இந்தப் பெயரைச் சொல்லித்தான் எடுத்துத் தருவார்கள். பதிவு மென்பொருளைச் சுருக்கி ‘டா’ என்கிறார்கள். தமிழில் அது யாரை விளிக்கும் சொல் என்று நான் விளக்க வேண்டியதில்லை. இவையெல்லாம் சிறிய விஷயங்கள் என்பவர்கள், சொல்லால் தினமும் அடிபடாதவர்கள்.

இனி சட்டம். நம் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டினுடையது. 2012இல் திருத்தப்பட்டபோது 38-பி என்ற பிரிவு சேர்ந்தது. வாசித்தவர், பாடியவர், நடித்தவருக்கான தார்மீக உரிமை பற்றியது. உரிமையை வேறொருவருக்கு எழுதிக் கொடுத்த பிறகும் இரண்டு விஷயங்கள் கலைஞரிடமே இருக்கும். இதை நிகழ்த்தியவர் இவர் என்று அடையாளம் காட்டப்படும் உரிமை ஒன்று. தன் பெயருக்குக் கேடு வரும்படி நிகழ்த்தியதைத் திரித்தால், சிதைத்தால் தடுக்கும் உரிமை மற்றொன்று. படிக்கும்போது நெஞ்சு நிமிர்கிறது. அதன் கீழேயே ஒரு விளக்கம் இருக்கிறது. வெட்டித் தொகுப்பதற்காக ஒரு பகுதியை நீக்குவதும், முழுக்கத் தொழில்நுட்பக் காரணத்துக்காகச் செய்யும் மாற்றமும் கேடாகக் கருதப்படாது என்கிறது அது. ‘தொழில்நுட்பக் காரணம்’. தோழிகளே, அந்த வாசலில்தான் ‘நாங்க பாத்துக்கிறோம்’ நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது.

ஆம்ப்பை மாற்றுவது தொழில்நுட்பக் காரணமா? வாசிக்கிறவர்களைக் கேளுங்கள். கரகரப்பு ஏறிய ஒலியில் ஒரு சுரம் நெடுநேரம் நீளும். அதை நம்பி நாம் கையை எடுத்துக் காத்திருப்போம். எதிரொலி திரும்பி வரும் இடைவெளிக்கு இடம் விட்டு அடுத்த தட்டைத் தட்டுவோம். காதில் விழும் ஒலிக்கு ஏற்பத்தான் விரல் அழுத்தம் கூடும், குறையும். அதனால்தான் உலர் தடத்தைப் பதிவுசெய்யும்போதும் காதில் ஆம்ப் ஒலியைப் போட்டுக்கொண்டு வாசிக்கிறோம். அந்த ஒலியைப் பிறகு எடுத்துவிட்டால், நீண்டு நிற்க வேண்டிய சுரம் செத்துப்போகும். நாம் விட்ட மௌனம் ஓட்டையாகும். எதுகையை மட்டும் மாற்றினேன், கவிதையைத் தொடவில்லை என்று சொல்லும் பதிப்பாசிரியரை ஏற்பீர்களா?

எனக்கே நடந்தது. என் கவிதைகள் மூன்றைக் கிட்டாரோடு சேர்த்துப் பதிவுசெய்யப் போயிருந்தேன். ஒன்று கோபக் கவிதை. கரகரப்பான ஒலியில், வரிகளுக்கிடையே ஒரே சுரத்தை நீளவிட்டு வாசித்தேன். பத்து நாள் கழித்து வந்த கோப்பில் கரகரப்பு இல்லை. சர்க்கரைப் பாகில் தோய்த்ததுபோல ஒரு மினுமினுப்பு, கோயில் மண்டபம்போல ஒரு முழக்கம். நீண்ட சுரங்கள் இருந்த இடங்களில் வெறும் காற்று. ‘உங்க வாய்ஸுக்கு இதான் மேடம் பொருத்தமா இருக்கு’ என்றார்கள். உலர் தடத்தைக் கேட்டேன். ‘அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?’ பணம் கொடுத்தவள் நான், கவிதை என்னுடையது, வாசித்தது என் விரல். என் விரலின் பதிவை நான் கேட்டால் எதற்கு என்று விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. மூன்று முறை கேட்டு, பென் டிரைவோடு நேரில் போய் உட்கார்ந்த பிறகு கிடைத்தது. அன்றிரவே வீட்டில் என் மாடலரில் ரீஆம்ப் செய்தேன். இரண்டு மணி நேரம் ஆனது. கோபம் திரும்பி வந்தது. அந்தப் பதிவைத்தான் வெளியிட்டேன்.

எதிர்க்கேள்விகள் வரும். முதலாவது: எல்லாக் கலைஞரும் பொறியாளரிடம் கொடுக்கிறார்கள், அது கூட்டு உழைப்பு, இதில் ஆண் பெண் எங்கே வந்தது? கூட்டு உழைப்பை நான் மறுக்கவில்லை. தேர்ந்த ஒலிப்பொறியாளரின் காது பெரிய செல்வம். ஆனால் கூட்டு என்றால் இருவரும் திருப்பிக் கேட்க முடிய வேண்டும். ‘ஏன் இந்த ஆம்ப்?’ என்று ஒரு பையன் கேட்டால் ஆர்வம். ஒரு பெண் கேட்டால் சந்தேகப் புத்தி. இந்த வேறுபாடு போகும்வரை கூட்டு என்ற சொல்லை நான் சோதித்துத்தான் வாங்குவேன்.

இரண்டாவது: மாடலர் போலி, நிஜ ஆம்ப்தான் உயிர். இதைச் சொல்பவரின் வீட்டைப் பாருங்கள். தனி அறை இருக்கும், கத்தினாலும் கேட்க ஆளில்லாத நேரம் இருக்கும், தேநீர் கொண்டுவந்து வைக்க ஒருத்தி இருப்பாள். அசல், போலி என்ற தராசு பெரும்பாலும் இடம் உள்ளவர் கையில்தான் இருக்கிறது.

மூன்றாவது கேள்வி நியாயமானது: காசுக்கு எங்கே போவது? ஹீலிக்ஸ் போன்ற பெரிய மாடலர்களின் விலை ஒரு தற்காலிக விரிவுரையாளரின் பல மாதச் சம்பளம். ஆனால் இரண்டாம் பாதியைக் கற்க அது கட்டாயமில்லை. கிட்டாரை நேரடியாகச் செருகும் வாயுள்ள சிறு ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றும் பழைய கணினி ஒன்றும் போதும். ஆடாசிட்டி இலவசம். ரீப்பர் மென்பொருளை 60 நாள் சோதித்துப் பார்க்கலாம், தனிநபர் உரிமம் 60 டாலர். நியூரல் ஆம்ப் மாடலர் என்ற செருகுநிரல் இலவசம், அதன் மூலநிரலும் திறந்தே இருக்கிறது. ஐந்து மாணவிகள் சேர்ந்து ஒரு இன்டர்ஃபேஸ் வாங்கலாம். ஆண்டுவிழாவுக்கு ஸ்பீக்கர் வாடகை எடுக்கும் கல்லூரியிடம் இதைக் கேட்கலாம். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் மாவு அரைக்கும் இயந்திரத்தைப் பொதுவில் வாங்கிய நாடு இது.

எனவே மாணவிகளுக்குச் சில சொல்கிறேன். எங்கே பதிவுசெய்தாலும் உலர் தடம் தனியாக இருக்கட்டும். 24 பிட்டில், முகடு மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி நிற்கும்படி பதிவுசெய்யுங்கள். அளவு மீறி நசுங்கிய உலர் தடத்தை எந்த ஆம்ப்பாலும் மீட்க முடியாது. தாமதம் தொந்தரவு செய்தால் பஃபரைக் குறையுங்கள். 48,000 மாதிரி வேகத்தில் 128 என்று வைத்தால் ஒரு பஃபருக்குச் சுமார் 2.7 மில்லி விநாடிதான். ரீஆம்ப் செய்யும்போது உலர் தடத்தின் வெளியீட்டை மாடலருக்குத் திருப்புங்கள், மாடலரின் உள்ளீட்டை யூஎஸ்பிக்கு மாற்றுங்கள், புதுத் தடத்தில் வாங்குங்கள். புதுத் தடத்தின் மானிட்டரை அணைத்து வையுங்கள். இல்லாவிட்டால் ஒலி தன்னைத்தானே விழுங்கிக் கத்தும். அவ்வளவுதான் மந்திரம். பெரிய ரகசியம்போல் பூட்டி வைத்திருந்தது இதைத்தான். இடமும் வலமும் இரண்டு கிட்டார் கேட்க வேண்டுமானால் ஒன்றை நகலெடுக்காதீர்கள், இரண்டு முறை வாசியுங்கள். ரீஆம்பிங் ஒலியை மாற்றும், விரலை மாற்றாது. ஒத்திகைக்கு அது மாற்றாகாது.

கூடத்துக்குப் போவதற்கு முன்பே எழுத்தில் இரண்டு வரி வாங்குங்கள். உலர் தடம் உட்பட எல்லாத் தடங்களின் நகலும் எனக்கு வேண்டும். என் ஒப்புதல் இல்லாமல் ஒலியை மாற்றி வெளியிடக் கூடாது. சட்டத்தின்படி ஒலிப்பதிவின் ஆசிரியர் அதன் தயாரிப்பாளர். பதிவுக்கான முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்தவரே தயாரிப்பாளர். பணம் கட்டி, நாள் குறித்து, ஏற்பாடு செய்தது நீங்களானால் அந்தச் சொல் உங்களுடையது. அதைக் கூச்சப்படாமல் எழுதிக்கொள்ளுங்கள். ‘கிட்டார், ஒலி, தயாரிப்பு’ என்று மூன்றுக்கும் உங்கள் பெயரைப் போடுங்கள்.

பெயர் என்ன பெரிய விஷயம் என்பவர்களுக்கு என் பாடப்பகுதியிலிருந்து ஒன்று. பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தைப் பாடியவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார். பின்னால் சேர்த்த பதிகம் பாடியவர் பெயரைச் சொல்கிறது, பாடப்பட்ட ஆடுகோட்பாட்டுச் சேரலாதன் பெயரைச் சொல்கிறது, அணிகலனுக்கென்று அவர் பெற்ற பொன்னையும் காசையும் கணக்கோடு சொல்கிறது. யார் பாடியது, யாருக்கு, என்ன கூலி என்ற மூன்றையும் எழுதி வைத்ததால் அவர் இன்றும் நம் வகுப்பறையில் இருக்கிறார். எழுதி வைக்கப்படாத விறலியர் எத்தனை பேரோ, அவர்களுக்கு ‘விறலி’ என்ற பொதுப்பெயர் மட்டும் மிஞ்சியது. இன்றைய கோப்பிலும் வாசித்தவர், ஒலி அமைத்தவர் என்று நிரப்பக் கட்டங்கள் இருக்கின்றன. நாம் நிரப்பாவிட்டால் அவை காலியாக இருக்காது. வேறொருவர் நிரப்புவார்.

வாசிப்பது நம் பாதி, ஒலியாக்குவது அவர்கள் பாதி என்று யாரும் நமக்குப் பாகம் பிரித்துத் தரவில்லை. கொடுத்துவிட்டு வந்தோம், அதனால் அப்படி ஆயிற்று. இனிக் கொடுக்கலாம், வேண்டியவரிடம், வேண்டிய அளவு, நகலை நம்மிடம் வைத்துக்கொண்டு. விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை. பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள்.